தென்படவில்லை

பிப்ரவரி 3

அக்கா,

உன் ரத்தத்தில் அது இப்போது இருக்கிறதா, இல்லையா? எனக்குத் தெரியாது. இருபத்து மூன்று வருஷமாக ரத்த வங்கியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் யாரோ ஒருவருடைய ரத்தத்தைப் பற்றி உறுதியாக ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். கூடப் பிறந்தவளுடைய ரத்தத்தைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் மகள் போனில் பேசினாள். 28ஆம் தேதி உனக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் என்றும், ரத்தம் குறைவாக இருப்பதால் இரண்டு பை எடுத்து வைக்கப் போகிறார்கள் என்றும் சொன்னாள். அவளைக் கோபிக்காதே. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நான் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய் என்பதால் கூரியரில் எழுதுகிறேன்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் உன்னிடம் ஒரு அட்டை கொடுத்தேன். உன் ரத்தத்தில் 'கிட்' வகை ஆன்டிபாடி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, ஆகவே அதற்குரிய ஆன்டிஜென் இல்லாத ரத்தத்தை மட்டுமே ஏற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அதை டாக்டரிடம் காட்டு. அவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு அப்படி எதுவும் இல்லை என்று சொல்லக்கூடும். அந்த 'இல்லை'யை நம்பாதே. அட்டையை நம்பு.

தங்கை


பிப்ரவரி 6

பூதக்கண்ணாடிக்கு,

உன் கடிதம் வந்தது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. ரிப்போர்ட் மாதிரி ஆரம்பித்து ரிப்போர்ட் மாதிரி முடித்திருக்கிறாய். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நடக்க முடியவில்லை. ஓட்டுநர் பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவருக்கும் ஒரு பிரேக் உண்டு அல்லவா, இருபது வருஷம் அதை மிதித்து மிதித்தே இந்த இடுப்பு தேய்ந்துவிட்டது. போன வாரம்கூட ஒரு பள்ளிக்கூட டீச்சர், கியரைப் போடச் சொன்னால் வைப்பரைப் போட்டாள். நான் மிதித்தேன். வலியில் நான் கத்த, பயத்தில் அவள் கத்த, வண்டி மட்டும் அமைதியாக நின்றது.

அட்டையா? மூன்று வீடு மாறியதில் அது எங்கேயோ போய்விட்டது. சரி, பொய் எதற்கு, முதல் வீட்டிலேயே கிழித்துப் போட்டேன்.

ஆனால் நான் முட்டாள் இல்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாளே வாயால் சொன்னேன். ஆய்வகத்துக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, ஆன்டிபாடி எதுவும் இல்ல. உங்க ரத்தம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். "ரத்தம் எப்படிங்க கண்ணாடி மாதிரி இருக்கும்?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆகவே நீ கொடுத்த அட்டை வெறும் அட்டைதான்.

நீ கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பைக் கட்டியை எடுத்தபோது உன் ஆய்வகத்திலிருந்து வந்த இரண்டு பையைத்தான் எனக்கு ஏற்றினார்கள். ஒன்பதாவது நாள் நான் மஞ்சளானேன். சிறுநீர் கறுப்புக் காபி மாதிரி போனது, பிறகு போகவே இல்லை. மூன்று வாரம் டயாலிசிஸ். நீ தினமும் வந்தாய். கையில் ஃபைலோடு வாசற்படியில் நின்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டிலுக்கு அடியில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாய். கடைசி நாள் அட்டையை நீட்டினாய். "அக்கா, என்னாலதான்" என்றோ, "என்னால இல்ல" என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன்.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்காதது தவறு. எப்படி இருக்கிறாய்?

அந்த ஆய்வகத்துக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்த்தையைத் தவறாகச் சொல்லியிருக்கிறார். 'இல்லை' என்று எழுத என் ஆய்வகத்தில் யாரையும் நான் விடுவதில்லை. 'தென்படவில்லை' என்று எழுத வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். எனக்கே 'தென்படவில்லை மேடம்' என்று பெயர் வைத்திருப்பதாகக் கேள்வி. வைத்துக்கொள்ளட்டும்.

கொஞ்சம் பொறுமையாகப் படி. சிவப்பணுவின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான அடையாளங்கள் உண்டு. அவற்றைத்தான் ஆன்டிஜென் என்கிறோம். ஏ, பி என்ற இரண்டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். மற்றவற்றை யாரும் கேட்பதில்லை. 'கிட்' வகையில் ஒரு அடையாளம் நான்கு பேரில் மூன்று பேருக்காவது இருக்கும். உனக்கு இல்லை. எப்போதோ அது உன் உடம்புக்குள் வந்தது. உன் உடம்பு அதை அந்நியம் என்று முடிவு செய்து, அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு புரதத்தைச் செய்தது. அதுதான் ஆன்டிபாடி. அதற்கு இரண்டு கைகள். அந்தக் கைகள் அந்த ஓர் அடையாளத்தைப் பிடிக்கும், வேறு எதையும் தொடாது. பிடிபட்ட அணுவை உடம்பு உடைத்துப் போட்டுவிடும். கிருமி நுழைந்தாலும் நடப்பது இதே வேலைதான். வந்தது உன்னைக் கொல்ல வந்ததா, காப்பாற்ற வந்ததா என்று உடம்பு விசாரிக்காது. என்னுடையதா, இல்லையா என்று மட்டும்தான் பார்க்கும்.

அந்த அடையாளம் மறுபடி வராவிட்டால் ஆன்டிபாடி குறைந்துகொண்டே போகும். 'கிட்' வகை சீக்கிரமே குறைந்துவிடும். சில வருஷத்தில் எந்தச் சோதனையிலும் சிக்காத அளவுக்கு வந்துவிடும். ஆனால் அதைச் செய்யக் கற்றுக்கொண்ட செல்கள் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் உட்கார்ந்திருக்கும். மறுபடி அதே அடையாளத்தைப் பார்த்தால் ஒரு வாரத்துக்குள் வெள்ளமாகச் செய்து தள்ளும். உன் ஒன்பதாவது நாள் அதுதான்.

உவமை சொல்ல எனக்கு வராது. உன் தொழிலிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பத்து வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடாத ஒருத்தி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்து 'இவளுக்கு ஓட்டத் தெரியாது' என்று எழுதுகிறார்கள். வண்டியில் ஏற்றி, குறுக்கே யாராவது ஓடி வந்தால் அவள் கால் எங்கே போகும் என்று உனக்குத் தெரியும்.

கடைசியில் நீ கேட்டதற்கு இப்போது எழுத முடியவில்லை. வேண்டுமானால் கோபித்துக்கொள்.

தங்கை


பிப்ரவரி 14

பூதக்கண்ணாடி,

கோபித்துக்கொண்டேன்.

கிட்டா, கிட்டுவா? பெயரைக் கேட்டால் வாடகை ஏற்ற வரும் வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறது. இனிமேல் எனக்கு அது கிட்டுதான். வைத்துக்கொள்.

உன் கடிதத்தில் முதல் வரியையும் கடைசி வரியையும் மடித்துவிட்டு நடுவில் இருந்ததை எலும்பு டாக்டரிடம் காட்டினேன். முழுக்கப் படித்தார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"யாரும்மா எழுதினது?"

"என் தங்கச்சி. ரத்த வங்கியில பெரிய ஆளு."

"அவங்க சொல்றது புத்தகப்படி சரிதான். ஆனா எங்க டெஸ்ட்ல வரலையே. அப்ப இருந்துச்சுங்கறதுக்கு ரெக்கார்டு இருக்கா?"

"அட்டை இருந்துச்சு. கிழிச்சிட்டேன்."

"ஏம்மா?"

"கோவத்துல."

அவர் என் கணவரைப் பார்த்தார். உன் அத்தான் கூரையைப் பார்த்தார். "அப்ப எதை வச்சு நான் தனியா ரத்தம் கேக்கறது? தேடணும், நாள் தள்ளிப்போகும். நீங்க ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப்போட்டவங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் உன் அத்தான், "விடேன், டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது?" என்றார். "கறுப்புக் காபி போனது எனக்கா, டாக்டருக்கா?" என்றேன். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. காரின் கதவைத்தான் திறந்தார்.

உன்மேல் உள்ள கோபம் வேறு, உன்மேல் உள்ள நம்பிக்கை வேறு. சின்ன வயதிலிருந்தே நீ தெரியாததைத் தெரியும் என்று சொன்னதில்லை. அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு தடவை அந்த மெஷினோடு என்னைக் கட்டினால் நான் திரும்பி எழுந்து வர மாட்டேன். எனக்கு முப்பத்தைந்து வயதில் இருந்த தெம்பு இப்போது இல்லை.

உங்கள் பதிவேட்டில் ஏதாவது இருந்தால் அனுப்பு. கூடவே இதற்கும் பதில் எழுது. அந்த இரண்டு பையைச் சரிபார்த்துக் கொடுத்தது யார்? நீயா? எழுத முடியவில்லை, வரவில்லை என்ற கதையெல்லாம் வேண்டாம். ஆமாம், இல்லை. அவ்வளவுதான்.

அக்கா


பிப்ரவரி 18

அக்கா,

ஆமாம்.

இத்துடன் பதிவேட்டின் இரண்டு பக்கங்களின் நகல் இருக்கிறது. இரண்டாம் பக்கம் உன் டாக்டருக்குத் தேவையானது. ஒன்பதாவது நாள் எடுத்த உன் ரத்தத்தில் என்ன கண்டுபிடித்தோம் என்று அதில் இருக்கிறது. முதல் பக்கம் உனக்கு.

முதல் பக்கத்தில் நான்காவது கட்டத்தைப் பார். 'இதற்கு முன் ரத்தம் ஏற்றியது உண்டா?' அதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதியிருப்பது என் கையெழுத்து. உன்னிடம் கேட்காமல் எழுதினேன். வேறு யாராக இருந்தாலும் வார்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பேன். நீ என் அக்கா. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்று நினைத்தேன்.

நீ மஞ்சளான பிறகு அத்தானிடம் கேட்டேன். "முதல் பிரசவத்துல ரெண்டு பாட்டில் ஏத்தினாங்களே, உனக்குத் தெரியாதா?" என்றார். கிட்டு உனக்குள் முதலில் வந்தது அநேகமாக அப்போதுதான்.

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ ஏழு வருஷத்துக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவள் என்று தெரிந்திருந்தாலும் அன்றைய சோதனையில் எதுவும் தென்பட்டிருக்காது. அதே இரண்டு பையைத்தான் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். இது உண்மை. பத்தொன்பது வருஷமாக இந்த உண்மைக்குப் பின்னால் வசதியாக நின்றிருக்கிறேன். வாசற்படியில் நின்றதும் இதனால்தான். உள்ளே வந்தால் நீ கேட்பாய், நான் இந்தக் கட்டத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

நகல் எடுக்கும்போது எங்கள் துறைத் தலைவர் பார்த்துவிட்டார். "இதை எதுக்கு வெளிய அனுப்பறீங்க? உங்க கையெழுத்துல தப்பு இருக்கு. நாளைக்குக் கேள்வி வந்தா?" என்றார்.

"வரட்டும் சார். பதில் சொல்றேன்."

"சரி, ரெண்டாம் பக்கத்தை மட்டும் அனுப்புங்களேன்."

"அவளோட பதிவு சார். அவ கேட்டிருக்கா. பாதிப் பதிவு கொடுக்கற வழக்கம் நமக்கு எப்ப வந்துச்சு?"

அவர் கையெழுத்துப் போட மறுத்தார். கீழே இருப்பது என் கையெழுத்து. நோயாளியின் எழுத்துமூலமான கோரிக்கை ஒன்று கோப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. உன் 14ஆம் தேதிக் கடிதத்தைத் தேதி முத்திரை குத்திக் கோத்து வைத்திருக்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 22

என் கடிதத்தையா கோப்பில் வைத்தாய்? அதில் உன்னைப் பூதக்கண்ணாடி என்று எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் ஆபீசில் நாளைக்கு யாராவது படித்தால் உன் மானம் கப்பலேறும். ஏறட்டும்.

முதல் பக்கத்தை இரண்டு தடவை பார்த்தேன். நீ ஒன்றை எழுதினாய், நானும் ஒன்றை எழுதுகிறேன். அந்தப் பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரிய விஷயம். உனக்கு அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சை. "அவகிட்ட மூச்சு விடாத, பரீட்சையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்று அம்மா சொன்னாள். நானும் சரி என்றேன். பிறகு சொல்லலாம் என்று இருந்து மறந்தே போனேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நீ நினைக்கும்படி வைத்திருந்தது நான்தான்.

அதற்காக நீ வாசற்படியில் நின்றதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அது தனி.

இப்போது நிலவரத்தைக் கேள். ஆய்வகத்துக்காரர் இரண்டாம் பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். கிட்டு இல்லாத பையைக் கண்டுபிடிக்கும் மருந்து அவர்களிடம் கிடையாதாம். உங்கள் வங்கிக்குக் கோரிக்கைப் படிவம் அனுப்பினால் கிடைக்கும் என்று அவரே ஒன்றை நிரப்பிக்கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்தார். டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. "ரெண்டு பை ஏற்கெனவே ரெடியா இருக்கும்மா. ஏத்த வேண்டிய அவசியமே வராம போகலாம். பார்க்கலாம்" என்றார்.

'பார்க்கலாம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? திரும்பும்போது பக்கக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னால் என்னிடம் கற்றுக்கொள்கிறவர்களும் 'பார்க்கலாம் மேடம்' என்பார்கள். ஒருத்தரும் பார்த்ததில்லை.

தள்ளிப்போடவும் மாட்டேன். இந்த வலியோடு இன்னொரு மாதம் முடியாது. 28ஆம் தேதி காலையில் என்னை டிராலியில் ஏற்றுவார்கள். ஏறுவேன். உட்கார்ந்திருப்பேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழாமல் படுக்க மாட்டேன். உட்கார்ந்திருப்பவளுக்கு அவர்கள் இடுப்பு மாற்றட்டும், பார்க்கிறேன்.

நீ வராதே. வந்தால் மறுபடியும் எங்கேயாவது வாசற்படியில் நிற்பாய். அங்கேயே இருந்து எனக்குப் பையைத் தேடு.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

நான் வரவில்லை. தேடினேன்.

உன் வகையில் இன்று எங்களிடம் பதினொரு பை இருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்து, கிட்டுவைப் பிடிக்கும் மருந்தோடு கலந்து பார்த்தேன். ஒன்பது குழாயில் அணுக்கள் கட்டியாகச் சேர்ந்துகொண்டன. இரண்டில் சேரவில்லை. மறுபடி பார்த்தேன், சேரவில்லை. ஆன்டிபாடி மாதிரி ஆன்டிஜென் ஒளிந்துகொள்வதில்லை. அணுவின் மேல் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. இந்த இரண்டு பையைப் பற்றி 'இல்லை' என்று எழுத எனக்குத் தயக்கம் கிடையாது. எழுதி, தனியாக வைத்திருக்கிறேன்.

கோரிக்கைப் படிவம் வராமல் ஒரு பையைக்கூட நான் வெளியே அனுப்ப முடியாது. அனுப்பவும் மாட்டேன். அது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நாளைக் காலை நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. நீ உட்கார்ந்திருப்பதைப் பொறுத்திருக்கிறது.

டிராலியில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து உட்கார்.

இந்தக் கடிதத்தை இன்று அனுப்பினாலும் ஆபரேஷனுக்கு முன் உன் கையில் கிடைக்காது. அதனால் மூடாமல் வைக்கிறேன்.


பிப்ரவரி 28, மாலை ஏழரை

அங்கே நடந்தது உனக்குத் தெரியும். இங்கே நடந்ததையும் உன் மகள் சொன்னதையும் எழுதுகிறேன்.

காலை 8:50க்கு உன் டாக்டர் ஆய்வகத்துக்குப் போன் செய்தார்.

"நீங்கதானே அவங்க தங்கச்சி? உங்க அக்கா ஒரு மணி நேரமா டிராலியில உட்கார்ந்திருக்காங்க. படுக்க மாட்டேங்கறாங்க."

"தெரியும் டாக்டர்."

"நீங்க சொன்னா கேப்பாங்களா?"

"நான் சொல்லி அவ எதையும் கேட்டதில்ல."

"வராண்டாவுல இருக்கற பேஷன்ட் எல்லாம் அவங்களைச் சுத்தி நிக்கறாங்க. இவங்க எல்லாருக்கும் கிட்டு யாருன்னு விளக்கம் சொல்லிட்டிருக்காங்க."

"சரியா சொல்றாளா?"

"தப்பு ஒண்ணும் இல்ல" என்றார்.

"ரெண்டு பை தயாரா இருக்கு டாக்டர். வண்டியில ரெண்டரை மணி நேரம். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"உங்க அக்கா முதல் பக்கத்தையும் காட்டினாங்க. அந்த நாலாவது கட்டம் நீங்க எழுதினதா?"

"நான்தான்."

"அதை அனுப்பணும்னு அவசியம் இல்லையே."

"அவசியம் உண்டு."

9:10க்குப் படிவம் ஃபேக்ஸில் வந்தது. என்னுடன் வேலை பார்க்கிற பெண், வெளியே அனுப்பும் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, "சொந்தக்காரங்களுக்கு நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்களே மேடம், நான் போடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளை எல்லாவற்றையும் இரண்டாவது முறை சரிபார்க்கச் சொல்லிவிட்டு நான் கையெழுத்துப் போட்டேன். 9:25க்கு வண்டி கிளம்பியது.

11:55க்குப் பைகள் அங்கே வந்தன. ஆய்வகத்துக்காரர் உன் ரத்தத்தோடு பொருத்தம் பார்த்தார். பைகளின் எண்ணை நீயே சத்தமாகப் படித்து, படிவத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகு 12:50க்குப் படுத்தாய். ஒரு மணிக்குத் தொடங்கி 2:45க்கு ஆபரேஷன் முடிந்தது. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போயிருந்தது.

முதல் பையை 3:40க்குத் தொடங்கி 6:45க்கு முடித்தார்கள். காய்ச்சல் இல்லை. சிறுநீர் வெளிர் மஞ்சள். இரண்டாவது பை தேவைப்படவில்லை.

தங்கை